ஓடும் ஆற்றிலும் ஓர் அளவு

இறைவன் மனித குலத்திற்கு வழங்கியுள்ள அருட்கொடைகளுள் நீர் தலையாயது. அது நிறைந்து ஓடும்போது அதன் அருமை நமக்குப் புலனாவதில்லை. குறைந்து ஓடும்போதுதான் புலனாகிறது. காஷ்மீரத்து ஆற்றங்கரை ஒன்றில் நாம் இதனைக் கற்றோம்.

2025 ஏப்ரல் முதல் வாரத்தில், நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், அனந்தநாக் மாவட்டத்திலுள்ள கோக்கர்நாக்கிற்கு நண்பர்களுடன் சென்றிருந்தோம். நீரூற்றுகளுக்கும் டிரவுட் மீன் பண்ணைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அதன் அருகே ஓடும் பிரெங்கி, ஜீலம் நதிக்கு நீர் சேர்க்கும் ஆறுகளுள் ஒன்று. டிரவுட் அம்மண்ணில் தோன்றிய மீன் அன்று. 1900ஆம் ஆண்டில், பிராங்க் மிட்செல் என்பவரின் முயற்சியால் ஸ்காட்லாந்திலிருந்து அதன் முட்டைகள் கொண்டுவரப்பட்டன. இன்று பழுப்பு டிரவுட் அம்மலையாறுகளில் தானே இனம்பெருக்கி வாழ்கிறது. குளிர்ந்த, தெளிந்த நீரன்றி அது வாழாது. எனவே அம்மீனின் நலம் ஆற்றின் நலத்திற்கு அளவுகோலாகும்.

அனுமதிச் சீட்டும் தூண்டிலுமாக விடியலிலேயே புறப்பட முனைந்தோம். வழிகாட்டியாக வந்த பெரியவர், வெயில் ஏறட்டும் என்றார். இளவேனில் தொடக்கத்தில் காலை நீர் கடுங்குளிராக இருக்கும்; மீன்கள் மடுக்களின் அடியில் சோம்பிக் கிடக்கும். நண்பகலில் நீர் சற்றே சூடேறியதும் பூச்சிகள் நீர்மேல் எழ, அவற்றை நாடி மீன்களும் மேலே வரும். பிற்பகலில் மலைப்பனி உருகி நீர் கலங்கிவிட்டால், தூண்டிலிலுள்ள செயற்கை ஈ மீனின் கண்ணுக்குத் தெரியாது. இடைப்பட்ட சில மணி நேரமே வாய்ப்பான வேளை.

ஆனால் அன்று நாம் கண்ட ஆறு மெலிந்திருந்தது. நீர் கண்ணாடியெனத் தெளிந்து கிடந்தது. நம் நிழல் விழுந்த கணமே மீன்கள் சிதறி மறைந்தன. அக்குளிர்காலத்தில் மழையும் பனியும் பொய்த்தமையால், பிப்ரவரியில் அருகிலுள்ள அச்சபல் ஊற்றே வறண்டிருந்தது. மொகலாயர் காலத்துத் தோட்டத்திற்கு நீரூட்டிய ஊற்று அது. 2022 பிப்ரவரியில் இன்னொரு துயரம் நேர்ந்ததாகப் பெரியவர் கூறினார். வந்தேவல்கம் என்னுமிடத்தில் ஆற்றுப் படுகையில் குழி விழுந்து, பிரெங்கியின் நீர் நிலத்தினுள் மறைந்ததாம். கீழ்ப்பகுதியில் மீன்கள் துடித்து மடிந்தனவாம்.

ஆர்வ மிகுதியால் நாம் ஓரத்துக் கூழாங்கற் படுகையில் இறங்கினோம். பெரியவர் விரைந்து வந்து நம் கையைப் பற்றிக் கரையேற்றினார். இலையுதிர் காலத்தின் இறுதியில் தாய்மீன் அக்கற்களைப் பறித்து முட்டையிடுகிறது; குளிர்காலம் முழுவதும் அவை அங்கேயே கிடந்து, இளவேனிலில் குஞ்சுகள் கற்களின் இடுக்கிலிருந்து வெளிவருகின்றன. நம் காலடியில் எத்தனை உயிர்கள் நசுங்கினவோ, அல்லாஹ்வே அறிவான்!

லுஹர் தொழுகைக்கு ஒளுச் செய்ய அமர்ந்தோம். ஆறுதான் ஓடுகிறதே என்று, இரு கைகளாலும் நீரை வாரி வாரி இறைத்தோம். பெரியவரோ ஒரு சிறு குவளையில் நீர் மொண்டு, அதனைக் கொண்டே ஒளுவை நிறைவு செய்தார். நம்மை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை, நாமே நாணினோம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஸஅத் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தியை நாம் எத்தனை மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறோம்! அதனை ஒருவர் வாழ்ந்து காட்டக் கண்டது அன்றுதான். ஆற்றோரம் இறைத்த நீர் ஆற்றுக்கே திரும்பலாம். எனினும் மிகுதியாக அள்ளிப் பழகிய கை, நீர் குறையும் நாளிலும் அவ்வாறே அள்ளும் அன்றோ?

தொழுகைக்குப் பின் நம் தூண்டிலில் ஒரே ஒரு மீன் அகப்பட்டது. சிறியது. பெரியவர் கையை நீரில் நனைத்து, அதனை மெல்ல விடுவித்து, நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்தார். அது தெளிவுற்று நழுவிச் சென்றது. வெறுங்கையோடு திரும்பினோம், ஆயினும் மனத்தில் குறையில்லை.

இன்று நம் ஊர்ப் பள்ளிவாசலில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிறு குவளை நம் கண்முன் நிற்கிறது. கை தானாகவே குழாயைச் சற்று அடைக்கிறது.