கடற்பஞ்சு ஈந்த மருந்து

கடல் தருவன யாவை என வினவின், முத்தும் பவளமும் மீனும் உப்பும் என விடையிறுத்தல் எம்மனோர் வழக்கு. பிணி தீர்க்கும் மருந்தும் அதன் அடித்தரையில் உண்டென்பதை அறிவார் சிலரே.

கடற்பஞ்சு என்பது பாறையைப் பற்றி வாழும் முதுகெலும்பிலா உயிர். அதற்கு நரம்பில்லை, ஓடில்லை, ஓடித் தப்பக் காலுமில்லை. தொல்காப்பியர் மரபியலில் அறிவு நோக்கி உயிர்களை வகுத்த வரிசையில் இதனை எங்கே வைப்பது என யாம் எண்ணியதுண்டு. மரம்போல் நின்றவிடத்தே நிற்பினும் இது விலங்கேயாம். இவ்வினத்துட் பல, தம்மைத் தின்ன வருவனவற்றைத் தம் உடலிலுள்ள நச்சுப் பொருளாலேயே விலக்குகின்றன. அந்நஞ்சே மருந்து தேடுவாரை ஈர்த்தது.

1986-ஆம் ஆண்டில் ஜப்பானிய இரசாயன அறிஞராகிய ஹிராட்டாவும் உவெமுராவும், தம் நாட்டுக் கடற்பஞ்சு ஒன்றினின்றும் ஹாலிகோண்ட்ரின் பி என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களை அழிக்கும் அதன் ஆற்றலை வெளியிட்டனர். 600 கிலோகிராம் பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராமே! பின்னர் நியூசிலாந்தின் கைக்கோரா கரைக்கு அப்பால், ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தே, வேறொரு பஞ்சினம் அப்பொருளை மிகுதியாக உடையதெனக் கண்டனர். அம்மிகுதியும் ஒப்புநோக்கிய மிகுதியே. ஒரு டன் பஞ்சினை வாரியெடுத்தும் ஏறத்தாழ 300 மில்லிகிராமே எய்தியது. அங்குள்ள அவ்வினம் முழுதும் 300 டன்னளவே என மதிப்பிட்டனர். உலகத்து நோயாளர்க்கெல்லாம் அதனையே வாரி வழங்கப் புகின், அவ்வினம் வேரற்றொழியும் என்பது வெளிப்படை.

இவ்விடரைத் தீர்த்தது இரசாயனக் கலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கிஷியும் அவர்தம் குழுவினரும் 1992-இல் அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அம்மூலக்கூற்றின் ஒரு பாதியிலேயே மருந்தாற்றல் அடங்கியுள்ளது எனத் தெளிந்தபின், எய்சாய் என்னும் நிறுவனத்தார் அதனை ஒட்டி எரிபுலின் என்னும் மருந்தை அமைத்தனர். உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் வளரும் நுண்குழல்களைத் தடுத்தலே அதன் தொழில். முற்றிய மார்பகப் புற்றுக்கு அதனை வழங்க அமெரிக்க அரசு 2010-இல் இசைவளித்தது.

அம்மருந்து நோயை அடியோடு களைவதன்று. வாழ்நாளைச் சில திங்கள் நீட்டுவது. அச்சில திங்களின் அருமையை யாம் அறிவோம். எம் அத்தையார் இம்மருந்தை ஏற்றுக்கொண்டு, தம் மகளின் திருமண ஆராதனையில் முன்வரிசையில் அமர்ந்து ஞானப்பாட்டும் பாடி, அதன்பின்னரே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர்க்காக அக்கடற்படுகை முழுதையும் சுரண்ட வேண்டும் என்று அன்று யாரேனும் கூறியிருப்பின், வேண்டா என்று சொல்லும் நெஞ்சுரம் எமக்கு இருந்திராது. அன்பு அத்துணை வலிது, அத்துணைக் குருடுமாம்.

ஆகவே, இரண்டினுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் துன்பத்தினின்றும் எம்மைக் காத்தார் அவ்வறிஞர் என்போம். தோட்டத்தை ஆதாமுக்கு ஒப்புவித்த ஆண்டவர், உண்ணும் உரிமையோடு காக்கும் கடமையையும் உடன் வைத்தார். ஆழ்கடலில் மருந்து தேடுவோர் சிறிதே எடுத்துப் பெரிது கற்றல் வேண்டும். உயிரைக் கவராது அதன் உள்ளமைப்பைக் கற்றுவரல் வேண்டும். அவ்வாறு கற்ற அறிவே எம் அத்தையார்க்கு மருந்தாயிற்று. கைக்கோராப் பஞ்சும் தன் பாறையிலே நிலைபெற்றது.