உப்பைக் குறைத்தேன், உருளைக்கிழங்கு கைகொடுத்தது!

"ஏம்மா, உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலியா?"

இப்படிச் சொல்லி என் மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் தட்டிலும் சாம்பார் சாதம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "காத்தாட நடந்துட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது சால்னா வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது. எங்கள் ஊர்ப் பொரித்த பரோட்டாவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை!

நான் தூத்துக்குடிக்காரி. முத்துக் குளித்தல் இங்கே 1961-ஆம் ஆண்டோடு நின்று போனது. இருந்தாலும் 'முத்து நகர்' என்ற பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது. இன்று எங்களில் பலருக்குச் சோறு போடுவது துறைமுகமும் உப்பும்தான். உப்பு விளைச்சலில் நம் நாட்டில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தினுடையது. என் அம்மா முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வெயிலில் கண் கூசக் கூச உப்பு வாரி, அந்தக் கூலியில்தான் என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, எங்களுக்கு உப்பே சோறு போட்டது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் உப்பைக் குறைத்துச் சமைப்பதா?

குறைக்க வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரர் கப்பலில் ஃபிட்டர். பதினெட்டு வருஷமாகக் கடல்தான் அவருக்கு வாசல். ஒவ்வொரு முறை கப்பல் ஏறும் முன்பும் உடல் பரிசோதனை உண்டு. போன பிப்ரவரியில் போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ரத்த அழுத்தம் 164-க்கு 102! "மாத்திரை சாப்பிடுங்க, உப்பைக் குறைங்க, நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுத்தம் இறங்காவிட்டால் கப்பல் இல்லை. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இன்னும் இரண்டு வருஷ ஃபீஸ் கட்ட வேண்டும்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கப்பலில் அவர் சாப்பிட்டதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் வீட்டில் இருக்கிற நாட்களில் கருவாட்டுக் குழம்பும், நார்த்தங்காய் ஊறுகாயும், மோர் மிளகாயும் ஆக்கிப் போட்டது என் கைதானே?

மறுநாள் காலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மாதத்துக்கு 600 கிராம் போதும். நான் வாங்குவதோ ஒன்றரைக் கிலோ! ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் வழியாக வருகிற உப்பு இதில் சேர்த்தியில்லை. நீங்களும் ஒரு மாதம் உப்புப் பாக்கெட்டின் மேல் வாங்கிய தேதியை எழுதி வைத்துப் பாருங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும்.

பயத்தில் நான் ஒரேயடியாக உப்பில் கையை வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. முதலில் சொன்னேனே, தட்டு தள்ளிய கதை, அது அந்த வாரத்தில் நடந்ததுதான். வீட்டில் உப்பில்லை என்றால் மனுஷர் கடையில் இரண்டு பங்காகச் சாப்பிடுகிறார். "நீங்க உங்களுக்காகவா சாப்பிடுறீக? பிள்ளை படிப்புக்காகச் சாப்பிடுங்க" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவரும் கத்தினார். இரண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் இரவு அவரே மெல்ல ஆரம்பித்தார். "இங்க பாரு, உப்புக் கம்மியா ஒண்ணு சாப்பிட்டிருக்கேன். ருசியா இருந்துச்சு. உருளைக்கிழங்குதான்."

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் வேலை பார்த்த கப்பலை ரிப்பேருக்காகத் துருக்கி நாட்டில் இஸ்தான்புல்லைச் சேர்ந்த துஸ்லா என்ற இடத்துக்குக் கொண்டு போனார்களாம். கப்பல் கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற கடலோரம் அது. அங்கே கேன்டீனில் ஒரு பெரியவர் மத்தியானத்தில் உருளைக்கிழங்கை அவித்து, கை நிறையப் பச்சைத் தழைகளைப் போட்டு, எலுமிச்சம் பழம் பிழிந்து கொடுப்பாராம். 'பட்டாட்டெஸ் சலாட்டாஸி' என்று பெயராம். சாலட் என்றதும் நமக்கு நினைவு வருகிற மயோனைஸ் இதில் கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள் மாதம் ஒருத்தி வீட்டில் கூடி, ஆளுக்கொரு சிறு தங்கக் காசு அந்த வீட்டுக்காரிக்குக் கொடுப்பார்களாம். 'தங்க நாள்' என்று பெயர். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான்! அன்று டீயோடு வைக்கிற பலகாரங்களில் இந்த உருளைக்கிழங்கும் ஒன்றாம்.

"அந்த ஊருப் பேருக்கு அர்த்தம் என்னன்னு தெரியுமா? 'துஸ்'ன்னா உப்பு. துஸ்லான்னா உப்பளம்!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பேச்சு இல்லாத இரண்டு நாளும் அதோடு போயிற்று.

மறுநாளே செய்தேன். முதல் தடவை படுதோல்வி! கிழங்கு குழைந்து மசியலாகிவிட்டது. சூட்டிலேயே தழைகளைப் போட்டதால் புதினா கறுத்துப் போனது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "வாசனை சரிதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை செய்து பார்த்தேன். கடைசியில் கை வந்துவிட்டது.

இதோ, நாலு பேருக்கு அளவு:

உருளைக்கிழங்கு அரைக் கிலோ, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி (கிடைக்காவிட்டால் சின்ன வெங்காயம் பத்து), கொத்தமல்லி இரண்டு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, பெரிய எலுமிச்சம் பழம் ஒன்று, எண்ணெய் இரண்டு மேஜைக் கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த காய்ந்த மிளகாய் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம், உப்பு கால் டீஸ்பூன்.

துருக்கியில் கொத்தமல்லிக்குப் பதில் பார்ஸ்லி என்ற தழையையும், கூடவே சதகுப்பைத் தழையையும் போடுவார்கள். எண்ணெய் ஆலிவ் எண்ணெய். புளிப்புக்கு எலுமிச்சையோடு 'சுமாக்' என்ற ஒரு காய்ந்த பழத்தின் சிவப்புத்தூளும் உண்டு. நமக்கு நல்லெண்ணெய் போதும். சுமாக்குக்குப் பதில் எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பாகத்தை மட்டும் லேசாகத் துருவிப் போடுகிறேன். வெள்ளைப் பாகம் சேர்ந்தால் கசக்கும். சதகுப்பை விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. மார்கழி, தை மாதக் குளிரில் ஒரு தொட்டியில் தூவினால் பஞ்சு மாதிரி மெல்லிய தழை வருகிறது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

கிழங்கைத் தோலோடு, ஒரே அளவானவையாகப் பார்த்து அவியுங்கள். முளை விட்டதும் பச்சை நிறம் ஏறியதும் வேண்டாம். அது உடம்புக்கு ஆகாது. கத்தி நுனி இறங்குகிற பதத்தில் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்துத் துண்டு போடுங்கள். சூடு இருக்கும்போதே எலுமிச்சைச் சாறையும் எண்ணெயையும் ஊற்றிப் பிரட்டுங்கள். சூடான கிழங்குதான் புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலோடு நின்றுவிடும். சூடு தணிந்ததும் நன்றாகக் கழுவி ஈரம் போக உலர்த்திய தழைகளையும், வெங்காயத்தையும், மிளகாயையும், மிளகையும் சேருங்கள். உப்பு? அதுதான் கடைசி! அவிக்கும்போது போடாதீர்கள். பரிமாறும் நேரத்தில் மேலே தூவினால் நாக்கில் முதலில் படுவது அதுதான். கால் டீஸ்பூன் உப்பு நாலு பேருக்கும் போதுமானதாகத் தோன்றும்.

இதில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. உப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அதனால்தான் தட்டு தள்ளப்பட்டது. அந்த இடத்தில் புளிப்பையும், பச்சை வாசனையையும், சுருக்கென்ற காரத்தையும் வைத்தால் நாக்கு சண்டைக்கு வருவதில்லை. அதன்பிறகு எல்லாச் சமையலிலும் இதையே செய்தேன். ரசத்தில் உப்பைக் குறைத்து எலுமிச்சை. பொரியலில் வறுத்த சீரகப்பொடி. மீனுக்கு மிளகும் பூண்டும். மேஜையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்தேன். கருவாடு மாதம் ஒரு முறை. வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்ததில், ஒன்றரை மாதத்தில் எங்கள் நாக்கே பழகிவிட்டது. பழைய மிக்சரை வாயில் போட்ட என் மாமியார், "என்னம்மா இப்படிக் கரிக்குது!" என்றாரே பார்க்கணும்!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் இதைச் சோற்றோடு தொட்டுக்கொள்ளக் கூடாது. சோற்றைக் குறைத்து அதற்குப் பதிலாக அளவாகச் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். கிழங்கில் பொட்டாசியம் அதிகம். எங்கள் ஊர் வெக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

மே மாதத்தில் மறுபடி பரிசோதனை. 132-க்கு 84! உருளைக்கிழங்கு சாலட்தான் ரத்த அழுத்தத்தை இறக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை, ரோச் பூங்காப் பக்கம் தினம் நடந்த நடை, உப்பைக் குறைத்தது மூன்றும் சேர்ந்த பலன் அது. ஆனால் உப்புக் குறைந்த சாப்பாட்டின் முன் அவரை உட்கார வைத்தது இந்தக் கிழங்குதான். ஜூனில் கப்பல் ஏறினார். மாத்திரைகளோடு, செய்முறையை எழுதிய ஒரு தாளையும் கப்பல் சமையல்காரருக்காகப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன மறு வாரம் அம்மா வந்திருந்தார். பயந்துகொண்டேதான் இதை வைத்தேன். நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, "ஏட்டி, இதுல உப்பு கம்மிதான?" என்றார்.

"ஆமாம்மா. கோபமா?"

"எனக்கு என்னட்டி கோவம்? வெயில்ல நின்னு உப்பு வாருனவளுக்குத்தான் அதோட அருமை தெரியும். அருமையான சாமானை யாராச்சும் அள்ளிக் கொட்டுவாகளா? கிள்ளித்தான் போடணும்" என்றார்.

இத்தனை வருஷம் இந்தப் பேச்சு என் காதில் ஏறாமல் போயிற்றே!

நீங்களும் ஒரு நாள் செய்து பாருங்கள் சகோதரிகளே. உங்கள் வீட்டில் தட்டு காலியானதா, தள்ளி வைக்கப்பட்டதா என்று எனக்கு எழுதுங்கள்!