யார் பணத்தில் வாழ்கிறான்?



பொங்கலூரில் இல்லங்களைச் சந்திக்கச் சென்ற ஒரு மாலை வேளையில், பனியன் கம்பெனியில் பணிபுரியும் இளைஞன் ஒருவன் கணினியின்முன் அமர்ந்திருக்கக் கண்டோம். திரையில் குதிரையும் துப்பாக்கியும் இரத்தமுமாக இருந்தது. "தம்பி, இதுவா ஓய்வு?" என்று கடிந்துகொண்டோம். "நீங்களாவது சொல்லுங்க சாமி" என்றார் அவன் தாயார். அவனோ, "சாமி, இந்த ஆள் நல்லவனா கெட்டவனா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டான்.

அது 2018-ஆம் ஆண்டு வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்னும் விளையாட்டு. வயது வந்தோர்க்கே உரியது. சிறுவர் கையில் தரத் தகாதது. 'ரிடெம்ப்ஷன்' என்றால் மீட்பு. 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழும் கற்பனைக் கதை அது. அரசையும் செல்வரையும் எதிர்ப்பதாகக் கூறிக்கொள்ளும் ஒரு கூட்டத்தில் ஆர்தர் மார்கன் என்பவன் முக்கியமானவன்.

"வரிப்பணத்தைப் பறிச்ச தீரன் சின்னமலையை வீரர்னு கும்பிடறோம். இவனும் எதிர்க்கிறவன்தானே சாமி?" என்றான் இளைஞன்.

கேள்வி நியாயமானதே. காங்கயம் நமக்கு அண்மை ஊர். மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தைச் சின்னமலை மறித்து எளியோர்க்கு வழங்கினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அவர் 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். எதிர்த்து நின்றோர் யாவரும் பாவிகள் என்று திருச்சபை சொல்வதில்லை. கலகம் புதிய அநீதிகளைப் பிறப்பிக்கும் என்று 1967-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எச்சரித்த திருத்தந்தை ஆறாம் பவுல், வெளிப்படையான, நெடுநாளைய கொடுங்கோன்மைக்கு மட்டும் விலக்களித்தார்.

"சரி தம்பி, ஆர்தரின் கூட்டம் யார் பணத்தில் வாழ்கிறது?" என்று கேட்டோம்.

இளைஞனின் குரல் தாழ்ந்தது. அக்கூட்டம் கொள்ளையடிப்பதோடு ஏழைகளுக்கு வட்டிக்கும் விடுகிறது. வசூலுக்குச் செல்லும் ஆர்தர், நோயுற்ற கடனாளி ஒருவனை அடிக்கிறான். அவனிடமிருந்து காசநோய் ஆர்தரைப் பற்றுகிறது. கடனாளி மாள்கிறான், அவன் மனைவியும் மகனும் சீரழிகின்றனர்.

"நானும் சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஒருத்தருக்காக வட்டி வசூலுக்குப் போறேன் சாமி. வட்டிக்கு விடறது நானில்லை, வாங்கித் தர்றேன், அவ்வளவுதான். போன வாரம் ஒரு அம்மா கதவைத் திறக்காம உள்ளே இருமிட்டு இருந்தாங்க. வெளியே நின்னு கத்திட்டு வந்தேன்."

விளையாட்டைக் கண்டிக்கச் சென்ற நாம் வாயடைத்து நின்றோம். நம் மறையுரைகள் தொடாத இடத்தை அந்தக் கதை தொட்டிருந்தது. (இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, அவன் இசைவோடே எழுதுகிறோம்.)

ஆடுபவர் நல்வழியைத் தேர்ந்திருந்தால், சாவை எதிர்நோக்கும் ஆர்தர் ஓர் அருட்சகோதரியிடம் தன் அச்சத்தைச் சொல்கிறான். வட்டிக்கு விட்டவனைக் கூட்டத்தினின்று துரத்துகிறான். அந்தக் கைம்பெண்ணுக்குப் பொருளுதவியும் செய்யலாம். ஆயினும் இறந்தவன் எழுந்து வருவதில்லை. ஆதலால் அவனை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. பரிகாரத்தைத் தாமதமாகத் தொடங்கியவன் என்று சொல்லலாம்.

சக்கேயுவும் வசூல்காரரே. ஆண்டவர் இல்லம் புகுந்ததும் அவர் முதலில் பேசியது பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றித்தான். மனத்துயர் உண்மையானால் அது பணப்பை வரை செல்லும். தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. எனினும் சட்டம் நுழையாத வாசல்களில் மனச்சான்று நுழைய வேண்டியிருக்கிறது.

அவ்விளைஞன் அந்த அம்மாவிடம் சென்று மன்னிப்புக் கேட்டான்; வசூல் வேலையையும் விட்டான். குறைந்துபோன வருமானத்தின் பாரத்தை அவன் வீடு இன்றும் சுமக்கிறது.

பெற்றோரே, பிள்ளைகளின் திரையை அணைக்குமுன் சற்றே அருகில் அமருங்கள். 'இவன் யார் பணத்தில் வாழ்கிறான்?' என்று அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். அவ்வாறே நம் இல்லத்துப் பணத்தைப் பற்றியும் கேட்டுப் பார்ப்போம். சக்கேயுவின் வீட்டிற்கு வந்த மீட்பு நம் வீடுகளுக்கும் வருவதாக.