34-ன்னு சொன்னா போதுமா?

தலைப்பைப் பார்த்து ஏதோ கணக்குப் பாடம் என்று வந்தவர்களுக்கு: ஓரளவுக்குக் கணக்குதான். ஆனால் பேச்சு பிராவைப் பற்றி. எங்க ஊர்ப் பக்கத்து வழக்கில் சொன்னால் 'பாடி'. நெளிகிறவர்கள் நெளிந்துகொண்டே படிக்கலாம் :)

சங்கரன்கோவில் பிள்ளை அவள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். விசைத்தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும், அப்படி ஒரு தெரு. அம்மா தார் சுற்றப் போகிறாள். மகளுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே போலீஸ் வேலை மீது ஒரு கண். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். அது ஒன்றும் பி.டி. உஷா வேகம் இல்லை. பழகினால் யாரும் ஓடலாம்.

அவளால் முடியவில்லை. மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே மார்பு வலிக்கும். விடியுமுன் மைதானத்துக்குப் போய்விடுவாள், ஆள் வருவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டுமே. தொளதொள டீ சர்ட், அதன் மேல் குறுக்காக இறுக்கிக் கட்டிய துப்பட்டா, உள்ளே ஒன்று போதாதென்று இரண்டு பாடி. இரண்டு கையையும் நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொண்டு ஓடுவாள். "கைய வீசி ஓடு பிள்ள!" என்று பயிற்சி கொடுப்பவர் கத்துவார். வீசினால் என்ன ஆகும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இதே தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். வரிசையில் நிற்க வைத்து, டேப்பைப் போட்டு, எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார்கள். இவள் மார்பைச் சுற்றி 19 வயது வரைக்கும் இதற்காக யாரும் ஒரு டேப்பை வைத்ததில்லை. அவளும்தான்.

பிறகு 34 எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து வந்தது. எட்டாம் வகுப்பு லீவில் அம்மா கூட்டிப் போனாள். கவுண்டரில் ஒரு அண்ணன். "என்ன சைஸ்க்கா?" அம்மா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கும் மகளை ஒருமுறை கண்ணாலேயே அளந்துவிட்டு, "முப்பத்தி ரெண்டு" என்றாள். காலேஜ் சேர்ந்ததும் அது "முப்பத்தி நாலு" ஆயிற்று. பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, பில் போட்டு முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. போட்டுப் பார்க்க இடம் கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கத்திரிக்காய் வாங்கும்போதுகூட நாலு காயைத் திருப்பிப் பார்த்து எடுக்கிற அம்மா அவள். நூலை விரலில் உருட்டியே கவுண்ட் சொல்லிவிடுவாள்.

இதில் பெரிய வேடிக்கை ஜாக்கெட்தான். ஜாக்கெட் தைக்க நம் பெண்கள் என்ன பாடு படுத்துகிறார்கள்! அளவு ஜாக்கெட் கொடுப்பார்கள், அது சரியில்லை என்று மறுபடி அளக்கச் சொல்வார்கள், கழுத்து, கை, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அரை இஞ்சு கூட்டிக் குறைப்பார்கள், தைத்து வந்தபிறகும் ரெண்டு தடவை பிரித்துத் தைக்கக் கொடுப்பார்கள். அந்த ஜாக்கெட்டுக்கு உள்ளே, நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடக்கிற துணிக்கு மட்டும் ஒரே ஒரு எண், அதுவும் குத்துமதிப்பாக. (பழைய தமிழில் மார்க்கச்சுக்கு 'வம்பு' என்று ஒரு பெயர் உண்டு. சும்மா வைக்கவில்லை போல.)

கணக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பக்கத்துத் தெரு தையல்கார அக்கா. வேறொரு சுடிதாருக்கு அளவெடுக்கும்போது தோளில் இருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டாள். "என்னட்டி இது, தோளுல கோடு விழுந்து கருத்துக் கிடக்கு?" முதுகைத் திருப்பிப் பார்த்தால் பட்டி மேலே ஏறி வில் மாதிரி வளைந்து நிற்கிறது. "இது உன் சைஸே இல்லட்டி."

டேப்பை எடுத்தாள். மார்புக்குக் கீழே, மூச்சை விட்டபின் சுற்றளவு 30 இஞ்சு. மார்பின் எடுப்பான இடத்தில் 34. இரண்டுக்கும் வித்தியாசம் 4. இந்த வித்தியாசம்தான் கப்: ஒரு இஞ்சு என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. அந்தக் கணக்குப்படி அவள் அளவு 30டி. டி என்றதும் அவளுக்குப் பக்கென்று ஆகிவிட்டது. டி என்றால் மிகப் பெரியது என்றுதானே எல்லாரும் நினைத்திருக்கிறோம்! எழுத்து மட்டும் தனியாக எதையும் சொல்லாது. 30டி, 32சி, 34பி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது பட்டியின் சுற்றளவு. அவள் போட்டிருந்த 34-ல் கப் ஓரளவு சரி, பட்டிதான் தொளதொள.

அங்கேதான் எல்லாக் கோளாறும். பாரத்தைத் தாங்க வேண்டியது கீழ்ப் பட்டி, தோள் ஸ்ட்ராப் இல்லை. பட்டி தளர்ந்தால் பாரம் தோளுக்குப் போகும். ஸ்ட்ராப்பை இறுக்கினால் பட்டி முதுகில் ஏறும். மார்பகத்துக்குள் தசை கிடையாது, தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆடும். தளர்ந்த பட்டியோடு இரண்டு பாடி போட்டாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

கப்புக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்தது 1932-ல் எஸ்.எச். கேம்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி. எண்ணை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் 1931-ல்தான் நிற்கின்றன. படித்த ஊர்களும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. 2008-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஒரு ஆய்வில் 18 முதல் 26 வயது வரை உள்ள 30 பெண்களை அளந்து பார்த்தால், 24 பேர் போட்டிருந்தது தப்பான அளவு. முப்பது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அவர்கள் யாரும் கறுப்பு கவரில் வாங்கியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

30டி என்று உள்ளூரில் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். பெண்களே விற்கிற கடை, போட்டுப் பார்க்க ஒரு தட்டி மறைவு. 30டி அங்கேயும் இல்லை. 32சி-யில் மூன்று கம்பெனி எடுத்துப் போட்டார் அந்த அம்மா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது! சில கம்பெனிகள் கீழ் அளவோடு 4 கூட்டி எண் போடும், சில அப்படியே போடும். ஆக, டேப் சொல்வது எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதை மட்டும்தான். "கடைசி ஹூக்கில, லூசா இருக்குமே அதுல, சரியா இருக்கணும். போகப் போக எலாஸ்டிக் தளரும், அப்ப உள்ள தள்ளி மாட்டிக்கலாம். கையத் தூக்கு. பட்டி ஏறுதா? ரெண்டு விரல் உள்ள போகுதா? குனி. பிதுங்குதா?" ஒன்று ஏறவில்லை, பிதுங்கவில்லை. ஓட்டத்துக்கென்று ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றும் எடுத்தாள். இரண்டும் சேர்ந்து அவள் அதுவரை வாங்கிய எல்லாப் பாடியின் விலையையும் தொட்டது.

அடுத்த வாரம் மைதானத்தில் துப்பட்டா இல்லை. கையை வீசி ஓடினாள். இரண்டு நிமிடம் நாற்பத்தோரு வினாடி. இன்னும் பதினோரு வினாடி குறைக்க வேண்டும், அதற்குக் காலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

புதுசைத் துவைத்து, பாவாடைக்கு அடியில் ஒளித்து வைக்காமல், மாடியில் நிழலில் காற்றாடப் போட்டாள். அம்மா முதலில் சத்தம் போட்டாள். "தெரியுற மாதிரியா போடுவ?" என்றாள். அப்புறம் விலை கேட்டு இன்னொரு தடவை சத்தம் போட்டாள். ராத்திரி, தறி எல்லாம் நின்றபின், அம்மா தன் தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள் தோளில் இருந்தது கோடு என்றால் அங்கே இருந்தது வாய்க்கால்.

"அந்த டேப்பு இங்கதான் கெடக்கா?"

"இருக்கும்மா."

"கதவச் சாத்துட்டி."