ஈயம்

ஹந்தானைச் சரிவில் ஒரு துரை பங்களா. துரைமார் போய்விட்டார்கள். இப்போது ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள்.

கூடத்துச் சுவரில் ஒரு சோடிக் கொம்பு. பக்கத்துக்கு மூன்று கிளை. கீழே பித்தளைத் தகடு. அதில் ஆங்கில எழுத்தில் ‘எல்க்’. எல்க் இந்தத் தீவில் பிறப்பதில்லை. தகட்டைத் துடைக்கும் காவல்காரர் அதை மரைக் கொம்பு என்கிறார். துணியை மடித்து மறுபடியும் துடைக்கிறார். சுட்டவர் பெயர் தகட்டில் இருக்கிறது. தோல் உரித்தவர் பெயர் இல்லை.

மேசையில் காகிதங்களின் மேல் ஓர் ஈயக் கட்டி. அடிப்பகுதி உருளை. தலை காளான் குடையாக விரிந்திருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் அதைத் தூக்குகிறான். பாரத்தில் கை சற்றே தாழ்கிறது. அப்பாவிடம் நீட்டுகிறான். அப்பா அம்மாவிடம் நீட்டுகிறார். அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள்.

“பேப்பர் வெயிட்” என்கிறார் அப்பா.

அலமாரியில் சாமுவேல் பேக்கரின் புத்தகம், 1890இல் வந்தது. பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறியவர். மரையை நாய்களை விட்டு மடக்கி, கத்தியால் முடித்தவர். யானைக்கு அவரிடம் 1840இல் பிரிஸ்டலில் கிப்ஸ் செய்துகொடுத்த துவக்கு இருந்தது. எடை ஒன்பதரைக் கிலோ. அதன் கூர்ச்சன்னம் மட்டும் 113 கிராம்.

பெரிய மான் சாதிக்கு அவர் கணக்கு வேறு. நுனியில் குழிவிட்ட இலேசான சன்னம் அவருக்குப் பிடிக்காது. அது உடலுக்குள் தூளாகிவிடும். கடினமாக்கிய சன்னமும் வேண்டாம். அது ஊடுருவி மறுபுறம் போய்விடும், மீதி வேகம் மரத்துக்குத்தான். அவர் கேட்பது .577 துவக்கு, கலப்பில்லாத மெல்லிய ஈயம், ஏறத்தாழ 42 கிராம். பட்டவுடன் தலை விரியவேண்டும். உடையக் கூடாது. மறுபக்கத் தோல் வரை போய், அதைக் கிழிக்காமல் அங்கேயே நிற்கவேண்டும்.

மேசைமேல் இருப்பது அப்படி நின்ற ஒன்று.

புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை. அதன்மேல் வைஃபை கடவுச்சொல் அட்டை சாய்ந்திருக்கிறது.

மலையிறங்கினால் பேராதனை. பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை. வாங்கில் ஒரு பூனைக்கூடை, ஒரு பொமரேனியன், ஒரு கிழவர். கிழவரின் காலடியில் செம்பட்டை நாய். கழுத்தில் பட்டி இல்லை, நைலோன் கயிறு. காதின் ஓரம் பழைய கிழிசல். பொமரேனியன் குரைக்கிறது. செம்பட்டை திரும்பிப் பார்ப்பதில்லை.

கிழவர் ஹுன்னஸ்கிரியாப் பக்கம். அதற்கு மேலே நக்கிள்ஸ் காடு. மரையைக் கொல்லக் கூடாது என்கிற கட்டளைச்சட்டம் 1937ஆம் ஆண்டினது. காட்டோரத் தடங்களில் கட்டுத்துவக்கு இருக்கிறது. குழாயை மரத்தோடு கட்டுவார்கள். தடத்துக்குக் குறுக்கே ஒரு நூல். நூலைத் தட்டுவது மரையா, பன்றியா, சிறுத்தையா, விறகுக்குப் போகிறவளா என்பது துவக்குக்குப் பொருட்டல்ல. குழாய்க்குள் தீக்குச்சி மருந்து, வெட்டிய ஈயம், சைக்கிள் போல்ஸ். நூற்றைம்பது கிலோ மரை இதற்கெல்லாம் நின்ற இடத்தில் விழுவதில்லை. ஓடுகிறது. ஓடை தாண்டி, பற்றை தாண்டி, எங்கோ போய் விழுகிறது. இரத்தம் மோந்து பின்னால் போக நாய் வேண்டும்.

பெயர் கூப்பிடுகிறார்கள். கிழவர் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்.

“என்ன நடந்தது, ஐயா?”

“வேலிக் கம்பி கிழிச்சிருச்சுங்க, டொக்டரம்மா.”

“காட்டுக்குப் போற நாயா?”

“இல்லீங்க. வீட்டுலயே கெடக்குற நாய்.”

திரையில் எக்ஸ்ரே. பின்தொடை எலும்பைச் சுற்றி ஏழு வெள்ளைப் புள்ளிகள். நான்கு அச்சு மாறாத உருண்டை. மூன்று நசுங்கிக் கோணலானவை. நான்கு மாணவர்கள் கழுத்தை நீட்டுகிறார்கள். டொக்டரின் பேனா உருண்டையைத் தொடுகிறது: இரும்பு. கோணலைத் தொடுகிறது: ஈயம், எலும்பில் பட்டது. ஒரு மாணவி எழுதிக்கொள்கிறாள். மற்றவர்கள் அவள் எழுதுவதைப் பார்க்கிறார்கள்.

கிழவர் திரையைப் பார்ப்பதில்லை. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். அவிழ்க்கிறார். மறுபடியும் சுற்றுகிறார்.

“மேலாக இருக்கிறதை எடுத்துவிடலாம். ஆழத்தில் ரெண்டு இருக்கு. தோண்டினா நரம்புக்குச் சேதம்.”

“விட்டுருங்க, டொக்டரம்மா. ஈயந்தானுங்களே. அது பாட்டுக்குச் சதையோட ஒட்டிக்கிட்டு கெடக்கும்.”

டொக்டர் நிமிர்கிறார். மாணவியின் பேனாவும் நிற்கிறது. நாய் மேசை விளிம்பை நக்குகிறது.

படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். டொக்டர் அதை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார்.

“வீட்டில வேற நாய் இருக்கா?”

“மூணு இருக்குதுங்க.”

“அதுகளும் வீட்டிலயேதான் கிடக்குமா?”

“ஆமாங்க.” கிழவர் நாயின் தலையைத் தடவுகிறார். “டொக்டரம்மா, இது எத்தன நாள்ல மலையேறும்?”