மலைக்கு ஓர் அணை

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. இரத்தினபுரித் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டியே வாழ்நாளைக் கழித்தோருள் கடலைக் காணாமலே கண்மூடியவரும் உளர். ஆயினும், 2004 டிசம்பர் 26இல் இலங்கைக் கரையோரத்தில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற ஆழிப்பேரலைக்கும் அம்மலைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவ்வழிவின் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோன்றிற்று.

அதற்கு முன்னர் மலை எதுவும் சொல்லவில்லையா? 1989 யூனில் கேகாலை மாவட்டம் மண்சரிவில் சிதைந்தது. 1993இல் இரத்தினபுரியின் ஹெலவுடவிலும், 2003 மே மாதத்தில் மாவட்டம் முழுவதிலும் அதே துயரம் மீண்டது. மண்சரிவு அபாய வரைபடப் பணி 1990இலேயே தொடங்கியது உண்மைதான். ஆயினும், மலையின் சாவுகள் பத்தும் இருபதுமாகச் சிதறி நிகழ்பவை. நாட்டை ஒரே நாளில் உலுக்கும் வலிமை அவற்றுக்கு வாய்ப்பதில்லை.

ஒல்லாந்தரின் கதை வேறு. 1953 பெப்ரவரி முதலாந் திகதி இரவில் வடகடல் அணைகளை உடைத்து உட்புகுந்தது. 1,836 பேர் மாண்டனர். மூன்று வாரம் நிறையுமுன்னரே அந்நாட்டரசு ஆணைக்குழுவொன்றை அமைத்தது. அது வகுத்த வழியில் தொடங்கிய அணைவேலை, 1997இல் பெருங்கதவணையொன்று திறக்கப்படும்வரை நீண்டது. ஓர் இரவின் வெள்ளத்துக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் அளித்த விடை அது.

மலைக்கு அணை யாது? தோட்டத்தவருக்கு அது தெரியும். கான்வெட்டு என்னும் வேலை அவர்களின் பாட்டன்மார் காலத்தது. சரிவின் குறுக்கே வெட்டிய கான்கள் மழைநீரை மெல்ல ஓடைக்கு அழைத்துச் செல்லும். கற்கட்டு மண்ணைத் தாங்கும். காடழித்த சரிவில் கானும் தூர்ந்துவிட்டால் நீர் மண்ணுக்குள்ளேயே தங்குகிறது. மண் கனத்து, பிடி தளர்ந்து, ஒருநாள் இறங்குகிறது. செலவு மிச்சமென்று கான்வெட்டைக் குறைத்த தோட்டம், தன் கடலணையைத் தானே கரைத்த தோட்டமன்றோ!

இன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து எச்சரிக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100 ஆனால் புறப்பட ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். எளிய கணக்கு, உயிர் காக்கும் கணக்கும்கூட. எனினும் 2016 மே 17இல் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிய அதே நாளில், புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்து லயன் காம்பராக்களும் மண்ணுள் புதைந்தன. மறு ஆண்டு மே மாதமும் இரத்தினபுரியை விட்டுவைக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த மழையிலும் மலைநாடே பேரிழப்பைச் சுமந்தது.

நள்ளிரவில் தகரக் கூரையில் மழை அறைகின்றபோது, வெளியேறு என்னும் சொல் ஒரு தாயின் காதில் எவ்வாறு விழும்? குழந்தையை அணைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கோ பாடசாலைக்கோ போகலாம். நாளை எங்கே போவாள்? கிராமத்தவனுக்கு மாற்றுக் காணி கேட்க ஓர் உறுதிப்பத்திரமேனும் கையிலிருக்கும். அவள் பிறந்த காம்பரா அவளுடையதன்று. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. பாதுகாப்பான மேட்டில் சொந்தக் காணித்துண்டொன்று அவள் பெயருக்கு எழுதப்படாதவரை, எந்த மழைமானியும் அவளுக்குப் பாதி அணைதான்.

மழை ஓய்ந்து எச்சரிக்கை விலக்கப்பட்டதும் மண்டபம் வெறுமையாகின்றது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் அதே லயத்துக்கு ஏறுகின்றனர். சுவரில் கண்ட வெடிப்பை நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் அபாயக்குறி என்கின்றது. பிரட்டுக்குப் போகுமுன் அவள் அதன்மேல் களிமண் பூசுகிறாள்.