வாய்க்காலில் தண்ணீர், வாழையில் வாடல்

தொட்டியம் பக்கம் காவிரிப் படுகையில் ஒரு ஏக்கர் ரஸ்தாளித் தோட்டம். ஆறாம் மாதத்து வாழை. குருத்து பச்சையாக நிமிர்ந்து நிற்க, அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கின. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் இருந்தும் வாடுகிறதே என்று நான்தான் திகைத்தேன். தோட்டக்காரருக்கு இது பழகிப்போன காட்சி.

"ஒண்ணு விழுந்தா பக்கத்துல நாலு விழுமுங்க" என்றபடி அவர் கடப்பாறையை எடுத்தார்.

பெயர்த்துப் போட்ட கிழங்கை அவர் மனைவி அரிவாளால் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய சதைக்குள் செம்பழுப்புப் புள்ளிகள் வளையம் கட்டியிருந்தன. தண்டின் அடிப்பகுதி நெடுக வெடித்திருந்தது. பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சையின் வேலை இது. மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, நீரேற்றும் குழாய்களை அடைத்துவிடும். காலடியில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இலைக்குப் போய்ச் சேராது. வாழையை அழித்தாலும் பூஞ்சை போகாது; அதன் தடித்த வித்துகள் பல வருடம் மண்ணிலேயே கிடக்கும்.

மத்திய அமெரிக்காவின் குரோ மிஷல் ஏற்றுமதித் தோட்டங்களை 1950களுக்குள் சாய்த்தது இந்தப் பூஞ்சையின் முதல் இனம். நம் ரஸ்தாளியையும் கற்பூரவள்ளியையும் வாட்டுவது அதே இனம்தான். பூவன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். குரோ மிஷலுக்கு மாற்றாக வந்த கேவண்டிஷையே வீழ்த்தும் வெப்பமண்டல நான்காம் இனம் பீகாரின் கட்டிஹார் பகுதிக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துவிட்டது.

பாதிக்கப்படாத வரிசைகளில் அந்த அம்மா மருந்து வைத்துக்கொண்டிருந்தார். கிழங்கில் சாய்வாகப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கம்பியால் துளை போட்டு, 50 மில்லிகிராம் கார்பென்டசிம் அடைத்த குப்பியை உள்ளே தள்ளி, களிமண்ணால் மூடுகிறார். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஒவ்வொரு வாழைக்கும் இப்படிக் குனிய வேண்டும். நோய் முற்றிய மரத்துக்கு இதனால் பயனில்லை. அவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுகிறார்கள்.

எனக்கு அதிகம் கவலை தந்தது கன்று வரும் வழி. குறுகிய இலையுள்ள ஈட்டிக் கன்றாக, ஒன்றரை முதல் இரண்டு கிலோ கிழங்குள்ளதாகப் பொறுக்குவதில் இவர்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. வேரைச் சீவி, அழுகலை வெட்டிப்போட்டுத்தான் நடுகிறார்கள். ஆனால் தொற்று தொடக்கத்தில் இருக்கும் கிழங்கு கைக்கும் கண்ணுக்கும் நல்ல கிழங்காகவே தெரியும். பங்காளி தோட்டத்திலிருந்தோ வியாபாரியிடமிருந்தோ வண்டியேறி வரும் கன்றோடு நோயும் வந்து இறங்குகிறது. அப்புறம் மண்வெட்டியில் ஒட்டிய சேறும், வயலுக்கு வயல் பாயும் தண்ணீரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு ஏக்கர்காரர் வேலிபோட்டுத் தடுக்கக்கூடிய விஷயமா இது? இதே மாவட்டத்தில், 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் துணையோடு நோயில்லாத தாய்த்தோட்டம் வட்டாரத்துக்கு ஒன்றாவது அமைத்து, கன்று விற்பனையைச் சோதனைக்கு உட்படுத்துவது அரசு செய்ய வேண்டிய வேலை. திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வரும் என்பது உண்மை. நோயுள்ள மண்ணில் வைத்தால் அதுவும் விழும்.

ஆகவே முதலில் மண்ணைத் தேற்ற வேண்டும். அடுத்த போகம் நெல் போட்டுத் தண்ணீர் கட்டப்போவதாகத் தோட்டக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு பூவன். ரஸ்தாளிக்குக் கிடைக்கும் விலை பூவனுக்குக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். முகூர்த்த நாட்களில் தார் தேடி வருகிறவர்கள் ரஸ்தாளியைக் கேட்கிறார்கள். "ரெண்டு வருசம் கழிச்சு மறுபடி ரஸ்தாளியே போடலாம்னு நெனைக்கிறோம். அப்ப நம்பி வாங்க நல்ல கன்னு எங்க கெடைக்குமுங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.